பழைய பெட்டிகளின் புதிய பயணம்

வாசிக்கும் முன் சிந்திக்க

• உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அதை இன்னும் பயன்படுத்துகிறீர்களா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?
• ஒரு பொருளைப் பாதுகாப்பது என்றால் என்ன?

இயந்திரத்துக்குப் பின்னால்

நீராவி இயந்திரம் ஒன்று வெண்புகையைக் கக்கிக்கொண்டு நிலையத்துக்குள் நுழைகிறது. நடைமேடையில் நிற்பவர்கள் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். எல்லாருடைய கண்களும் இயந்திரத்தின்மீதே இருக்கின்றன. அதன் பின்னால் வரிசையாக வரும் பெட்டிகளைப் பார்ப்பவர்கள் சிலரே. பிரிட்டனின் மரபுடைமை ரயில்பாதைகளில் விடுமுறை நாள்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது.

சற்று எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தில் பயணம் செய்தவர்கள் ஓட்டுநரும் நிலக்கரி அள்ளிப் போடுபவரும் மட்டுமே. மற்ற அனைவரும் பெட்டிகளில்தான் இருந்தார்கள். வேலைக்குச் சென்ற தொழிலாளி, கடற்கரைக்குப் புறப்பட்ட குடும்பம், போர்முனைக்குச் சென்ற இளைஞன், முதன்முதலாக நகரத்தைப் பார்க்கப் போன கிராமத்துப் பெண் ஆகிய எல்லாரும் அமர்ந்தது அந்த இருக்கைகளில்தான். மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால், நாம் பெட்டிக்குள் ஏறிப் பார்க்க வேண்டும்.

அப்படி ஏறிப் பார்க்கும் வாய்ப்பு இன்று நமக்கு எப்படிக் கிடைத்தது? அழிந்திருக்க வேண்டிய அந்தப் பெட்டிகளைக் காப்பாற்றியவர்கள் யார்? அவற்றை இனிக் காப்பாற்றப் போகிறவர்கள் யார்?

மூடிய பாதையைத் திறந்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் சொந்தக் கார்களும் பேருந்துகளும் பெருகின. சிறிய ஊர்களுக்குச் சென்ற ரயில்களில் கூட்டம் குறைந்தது. 1963-ஆம் ஆண்டில் வெளியான ரிச்சர்ட் பீச்சிங் அறிக்கை, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளையும் 2,363 நிலையங்களையும் மூடலாம் என்று பரிந்துரைத்தது. அதே காலத்தில் நீராவி இயந்திரங்களும் மரப் பெட்டிகளும் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. பழைய மரப் பெட்டிகள் பலவற்றைத் தீயிட்டு எரித்தார்கள். மரம் சாம்பலான பிறகு எஞ்சிய இரும்பைப் பழைய விலைக்கு விற்றார்கள்.

இந்தப் போக்குக்கு எதிரான முயற்சி அதற்கு முன்பே வேல்ஸ் பகுதியில் தொடங்கியிருந்தது. டாலிலின் ரயில்பாதை, மலையிலிருந்து பலகைக் கற்களைக் கொண்டுவருவதற்காக 1865-இல் திறக்கப்பட்ட குறுகிய பாதை. அதன் உரிமையாளர் 1950-இல் காலமானதும் பாதை மூடப்படும் நிலை ஏற்பட்டது. அப்போது டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் ஆர்வலர்களைப் பர்மிங்ஹாம் நகரில் ஒன்றுதிரட்டினார். ஊதியம் வாங்காமல், தொண்டூழியர்களாகவே ரயிலை ஓட்டலாம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். 1951-இல் ரயில் மீண்டும் ஓடியது. தொண்டூழியர்கள் காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அதுவே.

டாலிலின் பாதையின் தொடக்ககாலப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு புதுமையைக் காணலாம். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டுமே கதவுகளைப் பயன்படுத்த முடியும். ஏன் தெரியுமா? பாதையைக் கட்டி முடித்த பிறகு சோதிக்க வந்த அரசாங்க அதிகாரி, பாலங்களின் கீழே போதிய அகலம் இல்லை என்று கண்டுபிடித்தார். ரயில் பாலத்தின் அடியில் நின்றுவிட்டால் பயணிகள் கதவைத் திறந்து வெளியேற முடியாது. பாலங்களை இடித்துக் கட்டப் பெரும் பணம் வேண்டும். எனவே, பாலத்தின் கீழே தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, நெருக்கமான பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். 150 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு கட்டுமானத் தவற்றின் அடையாளத்தை அந்தப் பெட்டிகள் இன்றும் சுமந்து செல்கின்றன.

டாலிலினைப் பின்பற்றி மற்றவர்களும் முன்வந்தனர். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள புளூபெல் ரயில்பாதை 1958-இல் மூடப்பட்டு, 1960-இல் தொண்டூழியர்களால் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர்கள், லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்பாதைக்காக 1900-ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட நான்கு மரப் பெட்டிகளை வாங்கினார்கள். தக்க நேரத்தில் வாங்கியதால் அவை தப்பின.

கதவில் எழுதிய எண்

பழைய பெட்டிகளின் கதவுகளில் 1 அல்லது 3 என்ற எண்ணைக் காணலாம். முதல் வகுப்பு உண்டு. மூன்றாம் வகுப்பு உண்டு. இரண்டாம் வகுப்பைத்தான் பெரும்பாலும் காணோம்! இந்தப் புதிருக்குப் பின்னால் ஏழை மக்களின் நீண்ட வரலாறு இருக்கிறது.

ரயில் தொடங்கிய காலத்தில் முதல் வகுப்புப் பெட்டி, செல்வர்களின் குதிரை வண்டியைப் போலவே செய்யப்பட்டது. மெத்தை இருக்கைகளும் கண்ணாடிச் சன்னல்களும் அதில் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கோ பல இடங்களில் கூரையே இல்லாத திறந்த வண்டிகள்தாம் கிடைத்தன. மழையும் பனியும் புகையும் அவர்கள்மீது கொட்டின.

1841-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், இங்கிலாந்தின் சானிங் என்னும் இடத்தில் மண்சரிவில் மோதிய ரயில் ஒன்று தடம் புரண்டது. பயணிகள் இருந்த திறந்த வண்டிகள், பின்னால் இருந்த கனமான சரக்கு வண்டிகளால் நசுக்கப்பட்டன. உயிரிழந்தவர்களுள் பலர் கட்டட வேலை செய்துவிட்டுக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வீடு திரும்பிய தொழிலாளர்கள். இந்த விபத்து மூன்றாம் வகுப்புப் பயணிகளின் நிலையை எல்லாருக்கும் எடுத்துக்காட்டியது.

1844-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ரயில் நிறுவனங்கள் நாளொன்றுக்கு ஒரு முறையாவது மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்காக ரயில் விட வேண்டும். பெட்டிக்குக் கூரையும் இருக்கையும் இருக்க வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக்கூடாது. சட்டம் சொன்னதைத் தாண்டி ஒன்றும் செய்யாத நிறுவனங்கள் பல. வெறும் மரப் பலகையே இருக்கையாக இருந்தது. இந்நிலையை மாற்றியது மிட்லண்ட் ரயில் நிறுவனம். 1875-இல் அது இரண்டாம் வகுப்பை நீக்கிவிட்டு, மூன்றாம் வகுப்பின் இருக்கைகளுக்கு மெத்தை போட்டது. மற்ற நிறுவனங்களும் காலப்போக்கில் அதே வழியில் சென்றன. இப்படித்தான் இடையிலிருந்த எண் மறைந்தது. 1956-இல்தான் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எனப் பெயர் மாற்றப்பட்டது.

புத்தகத்தில் இதை ஒரு பத்தியில் படித்துவிடலாம். ஆனால், ஒரே காலத்தைச் சேர்ந்த முதல் வகுப்பு அறையிலும் மூன்றாம் வகுப்பு அறையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு உடம்பிலேயே புரிந்துவிடும். முழங்கால் இடிக்கிறதா, முதுகு சாய்கிறதா என்பதே போதும்.

குளிரும் இருளும்

பெட்டிக்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரிட்டனின் குளிர்காலத்தில் எப்படிப் பயணம் செய்வது? தொடக்கத்தில் வெந்நீர் நிரப்பிய தட்டையான உலோகப் பெட்டிகளைப் பயணிகளின் காலடியில் வைத்தார்கள். வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். பிறகு, தண்ணீருக்குப் பதிலாகச் சோடியம் அசிட்டேட் என்ற வேதிப்பொருளை அடைத்துப் பயன்படுத்தினார்கள். சூடாக்கினால் உருகும் இப்பொருள், மீண்டும் உறையும்போது தான் ஏற்றுக்கொண்ட வெப்பத்தை மெல்ல வெளிவிடும். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பம்தான் அன்று பயணிகளின் பாதங்களைக் காத்தது. அதன்பின், இயந்திரத்தின் நீராவியையே குழாய்களின் வழியாகப் பெட்டிகளுக்குள் அனுப்பும் முறை வந்தது. மரபுடைமை ரயில்களில் குளிர்காலத்தில் இன்றும் இம்முறையைக் காணலாம்.

வெளிச்சத்தின் கதை சோகமானது. முதலில் கூரையில் எண்ணெய் விளக்குகளைப் பொருத்தினார்கள். பின்னர் எரிவாயு விளக்குகள் வந்தன. எரிவாயுத் தொட்டிகள் பெட்டிகளின் அடியில் இருந்தன. 1915-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் குவிண்டின்ஸ்ஹில் என்னும் இடத்தில் ரயில்கள் மோதிக்கொண்டபோது, எரிவாயு கசிந்து மரப் பெட்டிகள் தீப்பற்றின. போருக்குச் சென்றுகொண்டிருந்த படைவீரர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைமை எல்லாமே இனிமையானதன்று என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது. எனவேதான், மரப் பெட்டிகளை ஓட்டுபவர்கள் மின்விளக்குகளைப் பொருத்துகிறார்கள். மரபுடைமைப் பாதைகளில் ரயில்கள் பெரும்பாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை.

ஓடும் உணவகம்

ரயிலில் உணவு வழங்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, நெடுந்தூர ரயில்கள் வழியில் நின்று செல்லும். ஸ்விண்டன் நிலையத்தில் ரயில் பத்து நிமிடம் நின்றாக வேண்டும் என்று உணவக நடத்துநரோடு ஒப்பந்தமே இருந்தது. பசியோடு இறங்கும் பயணிகள், கொதிக்கும் சூப்பை அள்ளிக் குடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பாதையை அமைத்த புகழ்பெற்ற பொறியாளர் புருனல், அங்குக் கிடைத்த காப்பி காப்பியே அன்று என்று கேலி செய்து கடிதம் எழுதினார். அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட, ரயில் நிறுவனம் 1895-இல் 100,000 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது!

1879-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டனுக்கும் லீட்ஸ் நகருக்கும் இடையே ஓடிய ரயிலில், ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற புல்மன் பெட்டி இணைக்கப்பட்டது. ஓடும் ரயிலில் சமைத்துப் பரிமாறிய பிரிட்டனின் முதல் உணவுப் பெட்டி அதுதான். ஆனால், அக்காலத்தில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நடந்து போக முடியாது. உணவுப் பெட்டியில் ஏறியவர் பயணம் முழுவதும் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். பெட்டிகளை இணைக்கும் நடைவழி கொண்ட ரயில் பிரிட்டனில் 1892-இல்தான் அறிமுகமானது. அதன் பிறகே உணவுப் பெட்டி எல்லாருக்கும் பொதுவானது.

புல்மன் நிறுவனத்தின் முதல் வகுப்புப் பெட்டிகள் பலவற்றுக்கு மனிதர்களைப்போல் பெயர் சூட்டினார்கள். பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு எண் மட்டுமே! பெயர் பெற்ற பெட்டிகளின் உள்ளே பல நிற மரத் துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர் ஓவியங்களும் மேசைக்கு மேசை சிறிய விளக்குகளும் இருந்தன. லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே 1972 வரை ஓடிய ‘பிரைட்டன் பெல்’ ரயிலின் காலை உணவுப் பட்டியலிலிருந்து, புகையூட்டிய மீனை நீக்கியபோது, நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரு ரயிலின் உணவு பயணிகளுக்கு எவ்வளவு நெருக்கமாகிவிடும் என்பதற்கு இது சான்று.

இன்று புளூபெல் பாதையில் ‘கோல்டன் ஏரோ’ என்ற விருந்து ரயில் புல்மன் பெட்டிகளோடு ஓடுகிறது. அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர்தான். இதில் பயணிகள் எங்கேயும் போய்ச்சேர வேண்டியதில்லை. சாப்பிட்டு முடிப்பதற்காகவே ரயில் போய்வருகிறது. குறுகிய சமையலறையில், ஆடும் தரையில் நின்று சமைப்பதும், வளைவில் திரும்பும்போது சூப் சிந்தாமல் பரிமாறுவதும் தனிக்கலை. இத்தகைய விருந்து ரயில்களில் கிடைக்கும் வருமானம் பெட்டிகளைப் பழுதுபார்க்க உதவுகிறது. பெட்டி தன் செலவுக்குத் தானே சம்பாதிக்கிறது என்றும் சொல்லலாம்.

கோழிக் கூண்டிலிருந்து தண்டவாளத்துக்கு

எல்லாப் பெட்டிகளுக்கும் இத்தகைய பேறு கிட்டவில்லை. சேவையிலிருந்து விலக்கப்பட்ட பல பெட்டிகளின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மேற்கூட்டை மட்டும் மலிவு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கடற்கரை வீடாகவும் தோட்டக் கொட்டகையாகவும் கோழிக் கூண்டாகவும் பயன்படுத்தினார்கள். வீடாக்கியவர்கள் சிலர் மழைக்காக மேலே இன்னொரு கூரையும் போட்டார்கள். அந்தக் கூரைதான் பல பெட்டிகளைக் காப்பாற்றியது. அருங்காட்சியகத்துக்குப் போன பெட்டிகளை அறிஞர்கள் காத்தார்கள். இவற்றைக் காத்தவர்கள் தமக்கே தெரியாமல் காத்த எளிய மக்கள்.

இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள நீராவி ரயில்பாதையின் தொண்டூழியர்கள், விடுமுறை வீடுகளாக இருந்த பழைய பெட்டிகளை மீட்டார்கள். சக்கரங்கள் இல்லையே, என்ன செய்வது? பிற்காலத்துச் சரக்குப் பெட்டிகளின் அடிச்சட்டங்களை வெட்டிக் குறைத்து, அவற்றின்மீது அந்த மேற்கூடுகளைப் பொருத்தினார்கள். ஒரு காலத்தில் குடும்பங்கள் உறங்கி எழுந்த பெட்டிகள் இப்போது மீண்டும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

மெட்ரோபாலிட்டன் ரயில்பாதையின் 353-ஆம் எண் பெட்டியின் கதை இன்னும் சுவையானது. 1892-இல் முதல் வகுப்புப் பெட்டியாகச் செய்யப்பட்ட அது, பின்னர் இங்கிலாந்தின் மேற்கே ஒரு சிறிய ரயில்பாதைக்கு விற்கப்பட்டது. அந்தப் பாதையும் 1940-இல் மூடப்பட்டது. அதன்பின் ஒரு கிராமத்தில் கடையாக நின்றது. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் அதை வாங்கியது. நெடுநாள் கழித்து, வேல்ஸ் பகுதியிலுள்ள ஃபெஸ்டினியோக் ரயில்பாதையின் பட்டறையில் அது முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. லண்டன் சுரங்க ரயில் தொடங்கி 150 ஆண்டுகள் நிறைந்தபோது, 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நீராவி இயந்திரம் இழுத்த ரயிலில் அந்தப் பெட்டியும் சுரங்கப்பாதையில் ஓடியது. கடையாகிப் போன பெட்டி தன் பழைய நகரத்துக்கே பயணிகளோடு திரும்பி வந்தது.

தேக்கும் கைத்திறனும்

செவர்ன் வேலி ரயில்பாதையில், வண்ணம் பூசாத மரப் பெட்டிகளைக் காணலாம். நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளரின் காலத்தில் செய்யப்பட்டவை அவை. வெயில் பட்டால் பொன் நிறத்தில் மின்னும் அந்த மரம் தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் மழையையும் பூச்சியையும் அது நன்கு தாங்கும். பிரிட்டிஷ் ரயில் பட்டறைகள் பர்மாவிலிருந்து தேக்கு மரத்தைக் கப்பலில் வரவழைத்தன. அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் நம் பகுதியிலிருந்து சென்றதே. மலையாளத்தில் வழங்கிய தேக்கு என்ற சொல் போர்ச்சுக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழிலும் அதே சொல்தான். ஆகவே, அந்த ரயிலைப் பார்க்கும் ஆங்கிலேயர் தம்மை அறியாமலே நம் சொல்லைச் சொல்கிறார்.

ஒரு மரப் பெட்டியைப் புதுப்பிப்பது எளிய வேலையன்று. முதலில் பழைய வண்ணத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது மறைந்திருந்த பெட்டி எண்ணோ நிறுவனத்தின் பெயரோ தென்படுவதுண்டு. பிறகு, உளுத்துப்போன மரச் சட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவில் புது மரத்தைப் பொருத்த வேண்டும். கூரைப் பலகைகளின்மீது கெட்டித் துணியை இழுத்து ஒட்டி, மழைநீர் இறங்காமல் வண்ணம் பூச வேண்டும். இருக்கைக்குத் துணி தைக்க வேண்டும். சன்னலைத் தூக்கி இறக்கத் தோல்வார் அமைக்க வேண்டும். தச்சர், தையற்காரர், வண்ணம் பூசுபவர், கொல்லர் என்று பலருடைய கைகளும் சேர வேண்டும். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் தொண்டூழியர்களுக்கு ஒரு பெட்டியை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எஃகுப் பெட்டியாக இருந்தால் வேறு தொல்லைகள். 1951-இலிருந்து பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் ‘மார்க் 1’ என்ற எஃகுப் பெட்டிகளை அறிமுகப்படுத்தியது. மரபுடைமைப் பாதைகளில் இன்று அதிகம் ஓடுபவை இவைதாம். இவற்றின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். சிலவற்றின் சுவர்களுக்குள் வெப்பம் காக்க வைத்த கல்நார் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும். பயிற்சி பெற்றவர்களே அதை அகற்ற வேண்டும். மரமானாலும் எஃகானாலும் மழையே முதல் பகை. கிடர்மின்ஸ்டர் நகரில் செவர்ன் வேலி பாதையினர் பெட்டிகளை நிறுத்துவதற்காகவே மிக நீண்ட கொட்டகை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

பூட்டி வைப்பதா, ஓட்டுவதா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஓட்டினால் பெட்டி தேயும். தேய்ந்தால் புதுப் பாகம் போட வேண்டும். பாகங்களை மாற்றிக்கொண்டே போனால், பழைய பெட்டியில் பழையது என்று என்ன மிஞ்சும்? யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் விக்டோரியா அரசியார் பயணம் செய்த பெட்டி வைக்கப்பட்டுள்ளது. அதன் பட்டுத் துணியையும் மரவேலையையும் யாரும் தொடுவதில்லை. அன்று இருந்தது இன்றும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நெறி. ஒரே ஒரு பெட்டிதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அந்த நெறி சரியானதே. அழிந்தால் மீண்டும் கிடைக்காது.

ஆனால், அசையாமல் நிற்கும் பெட்டி சொல்லாத செய்திகள் பல உண்டு. தண்டவாளத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது எழும் தாள ஒலி, தோல்வாரை இழுத்துச் சன்னலை இறக்கும்போது முகத்தில் மோதும் காற்று, எதிரில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாதவரோடு பேச்சுத் தொடங்கும் விதம் ஆகியவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அறிய முடியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ஓடும் பெட்டியைத்தான் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்க வேண்டியிருப்பதால்தான் அந்தக் கைத்தொழிலும் தொடர்கிறது. ஒரு மரத்துண்டை மாற்றும்போது பெட்டி சிறிது பழைமையை இழக்கலாம். ஆனால், அதை மாற்றத் தெரிந்த ஒருவர் உருவாகிறார். அந்த வகையில், ஓடும் பெட்டி இரண்டு மரபுகளைக் காக்கிறது. ஒன்று பொருள், மற்றொன்று திறன்.

அடுத்த கைகள்

பெட்டிகளுக்கு இன்று பணத்தைவிடப் பெரிய தேவை இளைய தொண்டூழியர்கள். 1950-களிலும் 1960-களிலும் பாதைகளைக் காப்பாற்றிய இளைஞர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். கூரைத் துணியை எப்படி இழுக்க வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்பன போன்ற நுட்பங்கள் அவர்களுடைய கைகளிலும் காதுகளிலும் இருக்கின்றன. எழுதி வைத்த குறிப்புகள் உதவும். ஆனால், பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவதற்கு அவை ஈடாகா.

இதில் ஒரு முரணும் உண்டு. சிறுவர்களை ஆபத்தான ஆலை வேலையிலிருந்து காப்பதற்காகப் பிரிட்டனில் 1920-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த நல்ல சட்டம், மரபுடைமை ரயில்பாதைகளில் தொண்டு செய்ய விரும்பும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. நாடாளுமன்றத்திலும் அது விவாதிக்கப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பும் முக்கியம். அவர்கள் கற்றுக்கொள்வதும் முக்கியம். இரண்டையும் எப்படிச் சேர்த்துக் காப்பது என்பதே சிக்கல்.

ரயில் நிலையத்தில் நின்றுவிட்டது. கையுறை அணிந்த முதியவர் ஒருவர் பித்தளைக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் சிறுமியிடம் துணியை நீட்டுகிறார். அவள் அதை வாங்கிக்கொண்டால், அந்தப் பெட்டி இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஓடும்.

அருஞ்சொற்பொருள்

மரபுடைமை – முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த செல்வம்
தொண்டூழியர் – ஊதியம் பெறாமல் பணியாற்றுபவர்
பலகைக் கல் – கூரை வேயப் பயன்படும் தட்டையான கல்
உள்ளுறை வெப்பம் – ஒரு பொருள் உருகும்போது ஏற்றும், உறையும்போது வெளிவிடும் வெப்பம்
அடிச்சட்டம் – பெட்டியின் மேற்கூட்டைத் தாங்கும் அடிப்பாகம்
உளுத்துப்போன – பூச்சி அரித்துப் பொடியான
கல்நார் – வெப்பத்தைத் தடுக்கப் பயன்பட்ட, இழைபோன்ற கனிமம்

கருத்தறிதல்

1. டாலிலின் பெட்டிகளில் ஒரு பக்கக் கதவுகள் அடைக்கப்பட்டதற்குக் காரணம் என்ன?
2. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு அளித்த நன்மைகளுள் இரண்டனைக் குறிப்பிடுக.
3. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ பெட்டியில் ஏறியவர்கள் பயணம் முழுவதும் அங்கேயே இருக்க நேர்ந்தது ஏன்?
4. ‘தமக்கே தெரியாமல் காத்த எளிய மக்கள்’ என்று கட்டுரையாசிரியர் யாரைக் குறிப்பிடுகிறார்? அவர்கள் எவ்வாறு காத்தனர்?
5. ‘ஓடும் பெட்டி இரண்டு மரபுகளைக் காக்கிறது’ என்னும் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.
6. கட்டுரையின் இறுதியில் வரும் சிறுமி துணியை வாங்கிக்கொள்வது எதை உணர்த்துகிறது?

கலந்துரையாடுக

தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டு, 2011-இல் ரயில் சேவையை நிறுத்தியது. அத்தகைய பழைய கட்டடத்தை அப்படியே பாதுகாக்க வேண்டுமா, புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா? குழுவாகப் பிரிந்து, உங்கள் கருத்தைத் தக்க காரணங்களோடு எடுத்துரையுங்கள்.